மூன்று பானையும் ஒரு பாக்கெட்டும்

தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு வந்து தென்பெண்ணையில் தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போவார். அந்த விழாவுக்குத் தலபுராணம் இருக்கிறது. இதே பக்கத்தில், மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும், பானை அடுக்கிச் சாராயம் வடித்த சனங்களைப் பற்றி எழுதி வைத்தது யார்? போலீசு மட்டும்தான். 'இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு' என்று அவர்கள் எழுதுவதைப் பத்திரிகைகளும் அப்படியே போடுகின்றன. அந்த ஏனங்களின் கதையை நம்ம பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'வாலை' என்ற சொல்லை எங்க பாட்டி வாயில்தான் முதலில் கேட்டேன். சித்த வைத்தியர் திராவகம் வடிக்கிற கருவிக்கும் அதுதான் பேர். அடியில் ஊறல் பானை. அதன்மேல் அடிப்பக்கம் துளைபோட்ட பானை, அதற்குள் ஒரு கிண்ணம். உச்சியில் பச்சைத் தண்ணி ஊற்றின சட்டி. ஆவி மேலேறிக் குளிர்ந்த சட்டியில் பட்டுக் கிண்ணத்தில் சொட்டும். அவ்வளவுதான் கருவி. ஊறலில் வெல்லமும் வெள்வேலம் பட்டையும் இருக்கும். அந்த மரத்துக்கே சாராயவேல் என்று ஒரு பேர் உண்டு. இதைப் புனிதமாக்க நான் எழுதவில்லை. குடியால் தாலியறுத்த பொம்பளைங்க எங்க தெருவிலும் இருக்காங்க. ஆனால் அந்தப் பானை எப்போது குற்றமானது, யாருக்காகக் குற்றமானது என்பது வேறு கேள்வி.

வெள்ளைக்காரன் 1886இல் மதராஸ் அப்காரி சட்டம் போட்டான். லைசென்சு இல்லாமல் வடித்தால் குற்றம். குடியைக் குறைக்க வந்த சட்டமல்ல இது, குடியை வருமானமாக்க வந்த சட்டம். நிலவரிக்கு அடுத்த பெரிய வரவாக அப்காரி வளர்ந்தது. அன்றைக்கு நம்ம பகுதி தென்னார்க்காடு ஜில்லா. அதே ஜில்லாவில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையோடு பெரிய வடிசாலை ஓடியது. 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்' என்று பேரிலேயே வடிசாலையை வைத்துக்கொண்ட கம்பெனி அது. கரும்புப் பாகிலிருந்து கம்பெனி வடித்தால் தொழில். வெல்லத்திலிருந்து சேரிக்காரன் வடித்தால் களவு.

1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுக்க வந்தது. கல்வராயன் மலையோ ஜாகீர்தார்கள் கையில் கிடந்தது. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வெட்டிவேலை செய்தார்கள். ரோடு இல்லை, நிலம் சொந்தமில்லை. ஓடைத் தண்ணியும் விறகும் பட்டையும் மட்டும் இருந்தது. கீழே தடை, மேலே காடு. அடுப்பு மலையேறியதில் ஆச்சரியம் என்ன?

ஏனம் பெரிதானதும் இப்படித்தான். ஆசை அதைப் பெரிதாக்கவில்லை, ரெய்டுதான் பெரிதாக்கியது. மண்பானை ஒரு லத்தியடிக்குத் தாங்காது. இரும்பு பேரல் வந்தது. பிறகு மண்ணில் புதைத்து வைக்க பிளாஸ்டிக் பேரல் வந்தது. மலையிலிருந்து இறக்க லாரி டியூப் வந்தது. பேரலுக்கும் மூட்டை மூட்டையாக வெல்லத்துக்கும் வண்டிக்கும் கூலிக்காரன் கையில் காசேது? முதல் போட்டவன் வேறே ஆள். டியூபைத் தோளில் சுமந்து இறங்கினவன்தான் கேசில் முதல் பேர்.

சட்டமோ ஆட்சிக்கு ஒன்றாக ஆடியது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மறுபடி கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987இல் ஏழையின் கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின, பாட்டில் சரக்குக்குத் தடையில்லை. 2003இல் பாட்டில் கடையை அரசே எடுத்து நடத்தியது. நாள்கூலியில் பாட்டில் வாங்க முடியாதவனுக்கு மிஞ்சியது பாக்கெட்.

அந்தப் பாக்கெட்டுக்குள் 2024 ஜூனில் இருந்தது என்ன? கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது மெத்தனால். பெண்களும் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம சனம், கூலிகள். முந்தின ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். வெல்ல ஊறலில் மெத்தனால் இந்த அளவுக்கு வராது. அது ஆலைகள் வாங்கிப் பயன்படுத்தும் ரசாயனம். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்னும். இங்கே அடுப்புமில்லை, வாலையுமில்லை, பட்டையுமில்லை. கலக்கல் மட்டும்தான். ஆனாலும் செய்தியில் 'காய்ச்சினார்கள்' என்றே சொன்னார்கள், மலையில் பேரல்களை உடைத்துப் படம் காட்டினார்கள். ஆலைச் சரக்கு சேரி வரைக்கும் வந்த வழியைவிட மலைக்காரனின் பேரல் படத்துக்கு எடுப்பாக இருக்கிறது.

முதல் சாவுகள் விழுந்தபோது சாராயம் காரணமில்லை என்று நிர்வாகம் சொன்னது. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். தலைக்குப் பத்து லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆயுள் தண்டனை வரை சட்டம் கடுமையாக்கப்பட்டது. அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

குடி ஒழியட்டும் என்று நம்ம பொம்பளைங்க சொல்றது நியாயம். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. பானை உடைக்க மலையேறத் தெரிந்த அரசுக்கு, மெத்தனால் டிரம் ஆலையை விட்டு வெளியே வரும் வாசல் தெரியாதா?