குஜராத் உருளைக்கிழங்கு வழக்கு (2019)

லேஸ் சிப்ஸுக்கான எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள்மீது பெப்சிகோ இந்தியா தொடுத்த வழக்கு. நால்வரிடம் தலா 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்கப்பட்டது. சில ஏக்கர் வைத்திருப்பவர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பதிவு பெற்ற ரகமானாலும் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது (பிரிவு 39). வணிகப் பெயரிட்டு விதையை விற்பதற்குத்தான் தடை. உழவர் தரப்பு இந்த உரிமையையே பற்றி நின்றது. எதிர்ப்பு வலுக்கவே, 2019 மே மாதம் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. இந்த ரகத்துக்கு நிறுவனம் பெற்றிருந்த பதிவு 2021 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்நீக்கத்தை ரத்து செய்தது. 39ஆம் பிரிவில் மாற்றமில்லை.