இரு கைகள் கட்டிய வீடு: தடா எல்லையிலிருந்து கேரவன் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டியே பலருக்கும் நினைவில் எழும். அதையே குடும்பப் பயணத்துக்கென முதன்முறையாக வாங்க முனைவோர் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை என உள்ளிருந்தே பார்க்கத் தொடங்குகின்றனர். நகரும் வீட்டின் வரலாறோ வேறொரு வரிசையைக் கற்பிக்கிறது. அவ்வீடு பெரும்பாலும் இருவர் செய்த பொருள்: ஓடும் பகுதி ஒருவருடையது, தங்கும் பகுதி மற்றொருவருடையது. இவ்விரண்டும் சேரும் இடமே சோதித்தறிய வேண்டிய முதல் இடம்.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் புறப்பட்டுத் திருப்பதி வழியாகக் காசிக்குச் சென்றார். சுமார் நூறு பேர் உடன்வர, பல்லக்கும் கூடாரமும் கொண்டு நிகழ்ந்த அப்பயணம் 1831 செப்டம்பரில் முடிந்தது. அங்கே சுமப்பதும் தங்குவதும் தனித்தனியே இருந்தன. கூடாரம் கிழிந்தால் பல்லக்கு நின்றுவிடாது. 1885-இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் தம் இன்பப் பயணத்துக்காகச் செய்வித்த 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியில் இரண்டும் ஒன்றாயின. ஏறத்தாழ இரண்டு டன் எடையை இரு குதிரைகள் இழுத்தன. வீட்டின் வசதி ஒவ்வொன்றும் வண்டியின் சுமையாகும் என்ற சிக்கல் அப்போதே தோன்றிவிட்டது.

சென்னையில் இந்த இணைப்பே ஒரு தொழிலாக வளர்ந்தது. 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைச் செய்து, பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் வரும், பட்டறையில் 'பாடி' கட்டப்படும் என்ற முறை லாரியிலும் பேருந்திலும் நிலைபெற்றது. ஆந்திரம் நன்கறிந்த நகரும் இல்லமும் இம்மரபைச் சேர்ந்ததே. 1982-இல் என்.டி. ராமராவ் ஊர் ஊராகச் சென்ற 'சைதன்ய ரதம்' ஒரு பழைய செவ்ரோலே வேனை மாற்றியமைத்த வண்டி. அவர் மேலே நின்று பேசினார், உள்ளே தங்கினார்.

இங்கு தடா முக்கியமாகிறது. 1953 அக்டோபர் 1 வரை, இவ்வூருக்குத் தெற்கே இருந்தது நெல்லூர், செங்கற்பட்டு மாவட்டங்களின் எல்லை மட்டுமே. ஆந்திர மாநிலம் அமைந்தபின் அது மாநில எல்லையாயிற்று. சென்னையில் வாங்கிய பழைய வண்டியைத் தடாவில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இது ஏட்டளவிலான செய்தியன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை.

அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அனுமதியுடன் செய்யும் சில மாற்றங்களுக்கு விலக்கு உண்டு. மோட்டார் கேரவன்களின் வகை ஒப்புதலுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உள்ளது. சரக்கு வேனாகப் பதிவாகி, பட்டறையில் வீடாக மாறி, ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் சரக்கு வேனாகவே இருக்கும் வண்டியை வாங்குபவர், அதனோடு ஒரு வழக்கையும் வாங்குகிறார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் இதையே கேட்கும்.

ஆகவே பார்க்கும் வரிசை வெளியிலிருந்து உள்நோக்கி அமைய வேண்டும். முதலில் ஆர்.சி. புத்தகம்: வண்டியின் வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, மொத்த எடை, சேஸிஸ் எண். அந்த எண்ணை வண்டியில் பொறித்துள்ள எண்ணோடு நேரில் ஒப்பிட வேண்டும். இரண்டாவது எடை: தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பயணிக்கவிருக்கும் அனைவரையும் ஏற்றி, நெடுஞ்சாலையோர எடை மேடையில் நிறுத்த வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. முழு வண்டியையும் நிறுத்தபின் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு தாங்காத நிலை ஏற்படலாம். மூன்றாவது வண்டியின் அடிப்பகுதி: பழவேற்காடு ஏரிக்கரையின் உப்புக் காற்றில் நின்ற வண்டியாயின், பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் பற்றவைப்புகளிலும் துரு தேட வேண்டும். நான்காவது கூரை: ஜன்னலுக்கும் காற்றுப் போக்கிக்கும் வெட்டிய இடங்களின் ஓரத்து ஒட்டுப்பலகையை விரலால் அழுத்த வேண்டும். அது அமுங்கினால் ஒரு வடகிழக்குப் பருவமழையேனும் உள்ளே புகுந்திருக்கிறது எனக் கொள்ளலாம். கட்டிலும் சமையல் மேடையும் இவற்றுக்குப் பின்னரே.

உள்ளலங்காரத்தை எந்தத் தச்சரும் பின்னர் மாற்றித் தருவார். சேஸிஸுக்கும் பாடிக்கும், பாடிக்கும் பதிவுக்கும் இடையிலுள்ள பிளவை எளிதில் மாற்ற இயலாது. வாழ்நாள் சேமிப்பை ஒரு வண்டியில் இடும் குடும்பம் முதலில் அறிய வேண்டியது அந்தப் பிளவு இருக்கிறதா என்பதையே.