இரண்டாவது புளிப்பு: டர்பன் பெண்களின் பானையும் வெள்ளையர் சட்டமும்

தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்கள் வடித்த சோளபீரைப் பற்றிப் போலீசும் கோர்ட்டும் நிறையவே எழுதிவைத்திருக்கின்றன. எத்தனை பானை பிடிபட்டது, எவ்வளவு தரையில் கொட்டப்பட்டது, யாருக்கு என்ன அபராதம் என்கிற கணக்கு அது. அந்தப் பானைக்குள் என்ன நடந்தது, அதை நடத்திவைக்க ஒருத்திக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்பது அதில் வராது. நாம் பானைக்குள்ளிருந்தே தொடங்குவோம். சட்டம் எதைப் பறித்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

சூலு, கோசா மக்கள் இதை உம்கோம்போதி என்பார்கள். மக்காச்சோள மாவு, முளைகட்டிய சோளம், தண்ணீர், அவ்வளவுதான் சாமான். சோளத்தை ஊறவைத்து, சாக்குப் போட்டு மூடி, முளைவிட்டதும் வெயிலில் காயவைத்து அரைக்கவேண்டும். அதில் கொஞ்சத்தை மக்காச்சோள மாவோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூடிவைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் புளித்துவிடும். இது முதல் புளிப்பு. நம்மூரில் கேவுரு மாவைக் கரைச்சு வச்சு மறுநாள் கூழ் காய்ச்சுகிறார்களே, அதேதான். தயிரைப் புளிக்கவைக்கிற வகை நுண்ணுயிர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. இதில் போதை இல்லை. ஆனால் பானைக்குக் காவல் இந்தப் புளிப்புதான். கெட்ட கிருமிகள் இதில் லேசில் தலையெடுக்க முடியாது.

மறுநாள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். காய்ச்சியதும் புளிப்பு மேலே ஏறாமல் நின்றுவிடும். நன்றாக ஆறியபின் மிச்சமுள்ள முளைச்சோள மாவைப் போட்டுக் கிளறி, கம்பளியால் போர்த்திவைத்தால் இரண்டாவது புளிப்பு ஆரம்பிக்கும். முளைச்சோளம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். சூடு ஆறுமுன் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். அவசரப்பட்டு வடித்தால் கிடைப்பது இனிப்புக் கஞ்சி. தீக்குச்சியைக் கொளுத்திப் பானை வாயில் காட்டிப் பார்ப்பார்கள். பட்டென்று அணைந்தால் உள்ளே வாயு கிளம்புகிறது, பானை உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். பிறகு புல்லில் பின்னிய வடிகட்டியில் பிழிந்தெடுப்பார்கள். ஆல்கஹால் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். வடித்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால் வெடிக்கும். சில நாளில் குடித்துத் தீர்க்கவேண்டியது. பதுக்கிவைக்கிற சரக்கல்ல, கூடிக் குடிக்கிற உணவு.

பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நறும்பிழியும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அரிசிக் கூழை அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிவது. களி, முளை, சாடி, காத்திருப்பு ஆகிய நான்கும் இரண்டு மக்களுக்கும் பொது.

இந்தக் காத்திருப்பின்மீதுதான் சட்டம் கைவைத்தது. 1908இல் நேட்டால் அரசு ஒரு பீர்ச் சட்டம் போட்டது. சோளபீரை வடித்து விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1909இல் டர்பன் நகராட்சி தன் பீர்க்கடையைத் திறந்தது. பெண்கள் வடித்தால் குற்றம், அதையே நகராட்சி வடித்தால் வருமானம்! கறுப்பன் குடித்த காசில் கறுப்பனைக் கட்டிமேய்க்கும் நிர்வாகம் நடந்தது. இதற்கு 'டர்பன் முறை' என்றே பேர். 1923ஆம் ஆண்டு நகர்ப்புறச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் கொண்டுபோக வழிசெய்தது.

எந்த நேரத்தில் போலீஸ் வருவானோ என்கிற குடிசையில் மூணு நாள் பானையை யார் வச்சிருக்க முடியும்? 1933-34இல் எல்லன் ஹெல்மன் ஜோகனஸ்பர்க்கின் ரூயியார்டு என்ற சேரியில் ஆய்வு செய்தார். அங்கே பெண்கள் முற்றத்து மண்ணைத் தோண்டி டின்களைப் புதைத்து வைத்து வடித்தார்கள். அந்த நெருக்கடியில் பரவியதுதான் ஸ்கோக்கியான். கடை ஈஸ்ட், சர்க்கரை, வெந்நீர் சேர்த்தால் ஒரே நாளில் தயார். முளை இல்லை, முதல் புளிப்பு இல்லை, அந்தக் காவலும் இல்லை. போதை ஏற ஸ்பிரிட் கலந்தவர்களும் உண்டு. உடனே அதிகாரிகள், 'பார், இவளுக வடிக்கிறது விஷம்' என்றார்கள். அவள் கையிலிருந்த ராத்திரிகளைப் பிடுங்கியவன் யார் என்று எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை.

பெண்கள் கேட்டார்கள். 1929 ஜூனில் டர்பனில் பீர்க்கடைப் புறக்கணிப்பு வெடித்தது. கலவரத்தில் 8 பேர் செத்தார்கள். அதே ஆண்டில் நேட்டாலின் சிறுநகரங்களில் பெண்கள் திரண்டு பீர்க்கடைகளைத் தாக்கினார்கள். புருஷன் கூலி நகராட்சிக் கல்லாவுக்குப் போகுது, வீட்டுக்கு வரலை. கடையை மூடு, எங்களை வடிக்கவிடு என்பதுதான் அவர்கள் வாதம்.

1959 ஜூனில் கேட்டோ மேனரில் மறுபடியும் வெடித்தது. இந்த இடம் நமக்குத் தூரத்து இடமல்ல. ஒப்பந்தக் கூலியிலிருந்து விடுபட்ட இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும், காய்கறி பயிரிட்ட நிலம் அது. பிறகு இந்திய நிலக்காரர்கள் கறுப்பர்களுக்குக் குடிசை போட வாடகைக்கு விட்டார்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் செத்ததற்குப் பின்னால் அந்த வாடகைக் கசப்பும் உண்டு. அடிமைப்பட்டு வந்தவன் அடுத்தவனுக்கு மேலே உட்காரும்போது என்ன நடக்கும் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

1959இல் நகராட்சி ஆட்கள் வீடுவீடாகப் புகுந்து வடிசாமான்களை உடைத்தார்கள். பெண்கள் பீர்க்கடைக்குள் நுழைந்து பீரைக் கொட்டினார்கள், குடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளை அடித்து விரட்டினார்கள். மறுநாள் முறையிடக் கூடிய பெண்கள்மீது தடியடி நடந்தது. டோரதி நியம்பே இந்தப் போராட்டத் தலைவர்களில் ஒருவர். 1960 ஜனவரியில் அதே கேட்டோ மேனரில் சாராய ரெய்டுக்கு வந்த போலீசார் 9 பேர் கொல்லப்பட்டார்கள்.

குடியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 1976இல் சொவெட்டோ மாணவர்கள் அரசு பீர்க்கடைகளைக் கொளுத்தினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வீட்டுச் சாராயக் கடைகளையும் மூடச் சொன்னார்கள். குடி தங்கள் தகப்பன்மாரை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் பானத்தைக் காய்ச்சும் அறிவை ஒருத்தியிடமிருந்து பறித்து, அதையே அவள் புருஷனுக்கு விற்பது மதுவிலக்கு ஆகாது, கொள்ளை.

இன்று வீட்டில் பீர் வடிக்கப் பழகுபவர்களுக்குப் புத்தகங்களும் புளிக்கும்போது அவசரப்படாதே என்றுதான் சொல்கின்றன. டர்பன் பெண்களுக்கு அது தெரியாததல்ல. அவர்கள் அப்படிக் காத்திருந்ததற்குத்தான் அபராதம் கட்டினார்கள், சிறைக்கும் போனார்கள். நம் சேரிகளில் முளைகட்டவும் புளிக்கவைக்கவும் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். போலீஸ்காரன் எழுதிவைத்தது மட்டுமே மிஞ்சக்கூடாது.