பிரிட்டானிய ரக்பி லீக் கூட்டு அணி

கிரேட் பிரிட்டன், லயன்ஸ் என்னும் பெயர்களால் அறியப்பட்ட ரக்பி லீக் அணி. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆட்டக்காரர்களும் இதில் ஒரே சட்டையை அணிந்து ஆடினர். பதின்மூவர் ஆடும் இவ்வாட்டத்தில் நெடுங்காலம் ஆஸ்திரேலியாவுக்கு நிகராக நின்ற அணி. உலகக் கோப்பையை 1954, 1960, 1972 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2007ஆம் ஆண்டுத் தொடருக்குப் பின் நான்கு நாடுகளும் தனித்தனி அணிகளாகப் பிரிந்தன.

தோற்றம்

சேர்ந்து ஆடுவதா, பிரிந்து ஆடுவதா என்ற கேள்வி ஆட்டத்தின் பிறப்போடு ஒட்டிப் பிறந்தது. யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆகிய வட இங்கிலாந்துப் பகுதிகளில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கிளப்புகள் ஈடுகட்டுவதை ரக்பி சங்கம் அனுமதிக்கவில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கிளப்புகள் ‘நார்தர்ன் யூனியன்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கின. இவ்வமைப்பின் ஆட்டமே பின்னாளில் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது.

கூலி கிடைக்கிறது என்றதும் வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஸ்காட்லாந்தின் எல்லை ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வடக்கே வந்து சேர்ந்தார்கள். எந்த நாட்டில் பிறந்தான் என்பதைவிட எந்தக் கிளப்புக்கு ஆடினான் என்பதே இங்கு ஒருவனுக்கு அடையாளமாயிற்று. முதல் சர்வதேச ஆட்டமே இதைக் காட்டுகிறது. 1904ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் நடப்பதாக இருந்த அவ்வாட்டம், மைதானம் உறைந்து கிடந்ததால் தள்ளிப்போய், ஏப்ரல் 5 அன்று விகான் நகரில் நடந்தது. ஒருபுறம் இங்கிலாந்து, மறுபுறம் ‘பிற தேசத்தார்’ என்றே பெயரிட்ட அணி. அதில் இருந்தவர்கள் வேல்ஸ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும். தலைவர், ஓல்டம் கிளப்பின் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஃபிரேட்டர். சோதனை முயற்சியாகப் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். 9–3 என்று பிற தேசத்தார் வென்றனர்.

நியூசிலாந்தின் ஆல்பர்ட் பாஸ்கர்வில் திரட்டி வந்த அணியின் 1907–08 சுற்றுப்பயணம் இன்னும் முக்கியமானது. 1908 ஜனவரி 1 அன்று அபர்டேர் ஊரில் வேல்ஸ் தனி அணியாக நின்று 9–8 என்று நியூசிலாந்தை வென்றது. அதே மாதம் 11ஆம் தேதி இங்கிலாந்து தனியாக ஆடியது. 25ஆம் தேதி லீட்ஸ் ஹெடிங்லி மைதானத்தில் முதல் டெஸ்ட். அதில் இறங்கியதோ நார்தர்ன் யூனியனின் கூட்டு அணி, வெற்றி 14–6. ஆக, தனித்தும் சேர்ந்தும் ஆடும் இரண்டு வழக்கங்களும் ஒரே மாதத்தில் தொடங்கிவிட்டன. ‘டெஸ்ட்’ என்னும் மதிப்பு மட்டும் கூட்டு அணிக்கே கிடைத்தது.

கடலுக்கு அப்பாலும் இதே முறை பரிசோதிக்கப்பட்டது. 1911–12இல் பிரிட்டனுக்கு வந்த ஆஸ்திரேலிய அணி நான்கு நியூசிலாந்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ‘ஆஸ்திரலேசியா’ என்ற பெயரில் ஆடி, பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆஷஸ் தொடரை வென்றது. அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. நியூசிலாந்தில் ஆட்டம் சொந்தமாக வேரூன்றியிருந்ததே காரணம். வேல்ஸின் நிலை வேறு. மெர்தர் டிட்ஃபில், எபு வேல் முதலிய ஊர்களில் 1907 முதல் எழுந்த கிளப்புகள் 1912க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதன்பின் வேல்ஸ்காரருக்கு ஆட்டம் வேண்டுமென்றால் வடக்குதான். போனவருக்கு, பழைய ரக்பி சங்கத்தின் ஆட்டமான ரக்பி யூனியனின் கதவு ஆயுள் முழுக்க அடைக்கப்பட்டது.

பெயரும் ஆட்களும்

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இவ்வணி ‘இங்கிலாந்து’ என்றே அழைக்கப்பட்டது. 1932இல் அந்தப் பெயரோடு ஆஸ்திரேலியா சென்ற அணிக்குத் தலைவர் ஜிம் சல்லிவன், கார்டிஃபில் பிறந்த வேல்ஸ்காரர். 1946இல் இன்டாமிட்டபிள் என்ற போர்க்கப்பலில் போய், ஆஷஸ் டெஸ்ட் ஒன்றில்கூடத் தோற்காமல் திரும்பிய அணியின் தலைவர் கஸ் ரிஸ்மனும் கார்டிஃப்காரரே. ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெயர் 1940களின் இறுதியில்தான் வந்தது. காலம் தாழ்ந்து வந்த நியாயம் அது. 1954இல் பாரிஸில் முதல் உலகக் கோப்பையை ஏந்திய டேவ் வாலன்டைன், ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊர்க்காரர். 1972இல் கோப்பையைப் பெற்ற கிளைவ் சல்லிவன் மீண்டும் ஒரு கார்டிஃப்காரர். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். லியோன் நகரில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் அவர் தன் பாதியில் பந்தைப் பிடித்து, துரத்தியவர்களை விட்டு விலகி மறுகோடி வரை ஓடி, பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து ‘ட்ரை’ போட்டார். கூடுதல் நேரத்துக்குப் பின்னும் 10–10 என்று சமனாக முடியவே, முன்சுற்றில் பெற்ற புள்ளிகளால் பிரிட்டன் சாம்பியன் ஆயிற்று.

பிரிந்து ஆடியபோது

ஐரோப்பிய அளவில் பிரிந்து ஆடுவது பழைய வழக்கம். 1935இல் நடந்த முதல் ஐரோப்பியச் சாம்பியன் போட்டியை இங்கிலாந்து வென்றது. உலக அரங்கில் அப்படி முதலில் ஆடியது 1975இல். அவ்வாண்டு உலகக் கோப்பையில் இறுதியாட்டம் கிடையாது. புள்ளிப் பட்டியலே முடிவு. இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை ஒருமுறை வென்றது, ஒருமுறை சமன் செய்தது. ஆனால் பிரிஸ்பேனில் வேல்ஸிடம் 12–7 என்று தோற்றது. முடிவில் ஆஸ்திரேலியாவுக்கு 13 புள்ளி, இங்கிலாந்துக்கு 12. ஒரே அணியாகச் சென்றிருந்தால் பட்டம் வீட்டுக்கு வந்திருக்கலாம். 1977இல் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள்.

சேர்ந்து ஆடியதன் பயனை 1994 அக்டோபர் 22, வெம்ப்ளி காட்டியது. முதல் பாதியிலேயே அணித்தலைவர் ஷான் எட்வர்ட்ஸை நடுவர் வெளியேற்றிவிட்டார். பன்னிரண்டு பேருடன் நின்ற அணிக்காக வேல்ஸின் டிரிம்சாரன் கிராமத்துக்காரர் ஜோனதன் டேவிஸ் பந்தை வாங்கி, உள்ளே திரும்புவதுபோல் காட்டி, பிரெட் மல்லின்ஸை வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடி, மூலையில் பாய்ந்து விழுந்து ட்ரை போட்டார். ஆஸ்திரேலியா 8–4 என்று தோற்றது.

மறு ஆண்டே ரக்பி யூனியன் சம்பள ஆட்டமாயிற்று. வேல்ஸ்காரர் வடக்கே வரவேண்டிய தேவை அற்றுப்போனது. அதே 1995இன் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் வேல்ஸும் தனித்து ஆடின. வேல்ஸ் அப்போதும் 2000த்திலும் அரையிறுதி வரை சென்றது உண்மை. 2016இல் வொர்க்கிங்டன் ஊரில் ஸ்காட்லாந்து நியூசிலாந்துடன் 18–18 என்று சமன் செய்தது பெருமைக்குரியது. ஆயினும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து அணிகள் பெரிதும் பாட்டன் பாட்டியின் பிறப்பைக் காட்டித் தகுதி பெற்றவர்களால் அமைந்தவை. உள்ளூரில் வலுவான லீக் இல்லாத நாட்டுக்குத் தேசிய அணி மட்டும் இருந்து ஆட்டம் வளராது. கார்க் நகரத்து பிரையன் கார்னிக்கு, 2003 முதல் பெரிய டெஸ்ட் ஆட்டங்களில் இறங்கும் வாய்ப்பைத் தந்தது கூட்டு அணியே.

தற்போதைய நிலை

2019இல் வேன் பென்னட் பயிற்சியில் கூட்டு அணி மீண்டும் திரட்டப்பட்டு, டோங்கா, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி ஆகியவற்றுக்கு எதிராக நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. 2025 ஆஷஸ் தொடரில் ஆடியது இங்கிலாந்து. 3–0 என்று இழந்தது.