பெட்டைப் பூனையின் கூக்குரல்

கடற்கரைக் குப்பங்களில் பூனைகளுக்குப் பஞ்சமே இல்லை. காரைக்கால்மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவாடு காயும் இடத்தில் பூனை சுற்றத்தான் செய்யும். வலையைக் கடித்துக் குதறும் எலிக்குப் பயம் இருக்கட்டுமே என்று வீட்டாரும் ஒன்றை விட்டுவைப்பார்கள். அப்படி வளர்ந்த பெட்டைக் குட்டி, ஐந்தாறு மாதமானதும் ஓர் இரவு திடீரென்று கத்தத் தொடங்கும். கைக்குழந்தை வீறிடுவது போன்ற குரல்! முன்கால்களைத் தரையோடு பதித்து, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளும், தரையில் புரளும், காலைச் சுற்றிச் சுற்றி வந்து உரசும். மீன் தலையைப் போட்டாலும் சிலது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

முதன்முறை இதைப் பார்க்கிறவர்கள், வாயில்லா ஜீவனுக்கு வயிற்றுவலி என்றே எண்ணுவார்கள். இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டை உடைத்துப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை நம் கல்லீரல் எளிதில் முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்குரிய நொதி போதிய அளவில் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்க, பூனை மூச்சுத் திணறிச் சாகும். நமக்குத் தலைவலி தீர்க்கும் ஒரே ஒரு மாத்திரை அதற்கு எமனாகிவிடும். உண்மையில் அந்தப் பூனைக்கு நோய் ஏதுமில்லை. பசு காளைக்குக் கத்துகிறது என்கிறோமே, அதுபோல இது கடுவனை அழைக்கிறது. அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' என்பதன் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலிலேயே, பூனைகளில் பெட்டைதான் கத்திக் கடுவனை வரவழைக்கிறது என்று எழுதிவைத்தார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-இல். அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1756-இல், பிரான்சில் பூஃபோன் என்ற இயற்கையியலார் தம் பெருநூலின் ஆறாம் தொகுதியில் பூனையைப் பற்றி எழுதினார். அவருக்குப் பூனையைக் கண்டால் ஆகாது; நம்பிக்கைத் துரோகி என்கிற பாணியில் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆனாலும் பெட்டையின் வேட்கையே பெரிது, அதுவே தேடிப் போகிறது என்பதை அவரும் கவனித்தார். கண்டது சரி. காரணம்தான் இருவருக்கும் தெரியவில்லை.

காரணத்திற்கு வழி திறந்தது பூனையல்ல, முயல்! பெண் விலங்கின் இந்தப் பருவத்தை முறையாக வகைப்படுத்திப் பெயர் சூட்டியவர் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஆண்டு 1900. முயலின் சூலகத்திலிருந்து முட்டை தானாக வெளிவருவதில்லை, ஆணோடு சேர்ந்த சுமார் பத்து மணி நேரத்திற்குப் பிறகுதான் வெளிவருகிறது என்று 1905-இல் அவர் விளக்கினார். பூனையும் அந்த வகைதான் என்பதை 1911-இல் அமெரிக்கரான லாங்லி எடுத்துக்காட்டினார். (இவரே பிற்காலத்தில் கடல் ஆராய்ச்சிக்குப் போய், 1926-இல் கடலுக்கடியில் முதன்முதலாக வண்ணப் புகைப்படம் எடுத்த இருவரில் ஒருவரானார். கடற்கரை வாசகர்கள் இவரை மறக்கலாகாது.) 1934-இல் கிரூலிச் என்பவர், கடுவனே இல்லாமல், கருவியால் தூண்டியே பூனையின் முட்டையை வெளிவரச் செய்தார்.

யோசித்துப் பாருங்கள். தனித்து வேட்டையாடித் திரியும் விலங்கு பூனை. கடுவன் எப்போது எதிர்ப்படும் என்று சொல்ல முடியாது. முட்டையை முன்னதாக விட்டு வீணாக்குவானேன்? ஆகவே முட்டை காத்திருக்கிறது. கடுவனின் உறுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய முட்கள் உண்டு. சேர்க்கை முடிந்ததும் பெட்டை அலறிக்கொண்டு கடுவனை அறைவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தத் தூண்டுதல் நரம்பு வழியே மூளைக்குப் போய், பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஹார்மோன் பாய்கிறது. ஒன்றிரண்டு நாளில் முட்டைகள் வெளிவருகின்றன. ஒரு முறை போதுமா என்றால், 1980-இல் கன்கானனும் அவர் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்ததில், ஒரே முறை சேர்ந்த பூனைகளில் பாதியளவிலேயே முட்டை வெளிவந்தது. பல முறை சேர்கிறது. பல கடுவன்களோடும் சேர்கிறது. ஒரே ஈற்றில் கறுப்பும் செவலையுமாகக் குட்டிகள் கிடந்தால், தகப்பன்கள் வேறு வேறாகவும் இருக்கலாம்.

கடுவன் கிடைக்காவிட்டால்? அங்கேதான் வீட்டாரின் துன்பம் தொடங்குகிறது. சுமார் ஒரு வாரம் கத்தி ஓய்ந்த பூனை, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அடைத்து வைத்தால் அடங்கிவிடும் என்ற நினைப்பு பலிக்காது என்பதற்கு இதுவே காரணம்.

நம் ஊர்ப் பூனைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் பூனைகள் மௌனமாகிவிடும். 1941-இல் டாசன் என்பவர், பகல் குறுகிய காலத்தில் விளக்கொளியை நீட்டித்து, பூனைகளுக்குப் பருவத்தை முன்கூட்டியே வரவழைத்தார். ஆக, கணக்கு குளிரில் இல்லை, ஒளியில் இருக்கிறது. காரைக்கால்மேடு ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆனியில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி. மார்கழியிலும் பதினொன்றரை மணிக்குக் குறையாது. போதாததற்குத் தெருவிளக்கு வேறு. எனவே நம் பூனைகளுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லை.

பருவம் வந்த பூனையை அடிக்காதீர்கள். அதனால் பயன் ஒன்றுமில்லை. ஜன்னலை மூடி, இருட்டான அமைதியான மூலையில் விட்டு, தடவிக்கொடுத்தால் சற்று ஆறும். கிரூலிச் செய்ததை நாமும் குச்சியால் செய்து பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம், கருப்பை புண்படும், சீழ் வைக்கும். ஹார்மோன் மாத்திரைகளும் அப்படித்தான். 1970-களில் மேனாடுகளில் மெஜெஸ்ட்ரால் மாத்திரை பெரிதாகப் பரவியது. கத்தல் நின்றது உண்மை. ஆனால் கருப்பைச் சீழ், மடிக்கட்டி, நீரிழிவு என்று பின்விளைவுகள் வரிசையாக வந்தன. மனிதர்க்குரிய கருத்தடை மாத்திரையைக் கொடுப்பதும் இதே வழியில்தான் கொண்டுபோய் விடும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்திற்குள் பூனை சோர்ந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, பின்புறம் நாற்றமுள்ள நீர் வடிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் கடத்தினால் பிழைக்காது.

'இயற்கையாக விட்டுவிடுவோமே' என்பார் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளின் 169 குட்டிகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து, 2004-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்திற்குள் 127 குட்டிகள் செத்தோ காணாமலோ போயின. ஏழு ஆண்டில் ஒரு ஜோடிப் பூனை நாலு லட்சமாகும் என்று துண்டறிக்கைகளில் போடுகிறார்களே, அது வெறும் பெருக்கல் கணக்கு. நிஜக் கணக்கு இந்த 127தான். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவரும் குட்டிகளின் கதியும் வேறல்ல.

எஞ்சுவது அறுவை சிகிச்சை. பெண் பன்றிக்கும் ஒட்டகத்திற்கும் சூலகம் அகற்றுவதை அரிஸ்டாட்டிலே குறித்திருக்கிறார். ஆனால் வலியில்லாமல் செய்ய 1846-இல் ஈதர் மயக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பருவத்திற்கு முன், ஐந்து மாத அளவில் செய்வது உத்தமம். ஆறு மாதத்திற்குள் செய்துகொண்ட பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைந்திருந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கத்தியில்லாத வழியும் தேடப்படுகிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி உயிரியல் பூங்காவினர் சேர்ந்து நடத்திய சோதனையில், ஒரே ஒரு மரபணு ஊசி போடப்பட்ட ஆறு பெட்டைகளில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. ஊசி போடாத மூன்றும் ஈன்றன. 2023-இல் இது வெளியானது.

உங்கள் வீட்டுப் பூனை ஏற்கெனவே ஈன்றிருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பால் கொடுக்கும் பூனை சினையாகாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குட்டிகள் பால் மறக்குமுன்பே அது மறுபடி கத்தத் தொடங்கலாம். ஆகவே அதுவரை கடுவன் அண்டாமல் உள்ளேயே வைத்திருங்கள். குட்டிகள் சோறும் மீனும் தின்னப் பழகி, தாயின் மடி வற்றி இரண்டு வாரம் ஆனதும், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். கூடையின் வாயை வலைத்துண்டால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், எத்தனை மணி முதல் தீனி போடக்கூடாது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.