ஜாடிக்கேற்ற மூடி



கண்ணாடி டப்பா நன்றாக இருக்கும். அதன் பிளாஸ்டிக் மூடியில் ஒரு காது உடைந்திருக்கும். எல்லா வீட்டிலும் இப்படி நாலைந்து கிடக்கின்றன. தூக்கிப் போடுமுன் கொஞ்சம் வரலாறு.

நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடிக்குத் துணியால் வேடு கட்டினார்கள். துணி நைந்தால் வேறு துணி. ஜாடி பேத்தி காலம் வரை வந்தது.

அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் 1858-இல் கண்ணாடி ஜாடியின் கழுத்திலேயே மரை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1915-இல் அலெக்சாண்டர் கெர் மூடியை இரண்டாக்கினார்: மேலே தட்டு, அதை இறுக்க மரை வளையம். தேய்வது தட்டு; அதை மட்டும் மாற்றினால் போதும். நம் வேடும் இதே கணக்குத்தான்.

இன்றைய டப்பாவில் அந்தக் கணக்கு தவறிவிட்டது. திறந்து மூடி மடங்கும் காதுதான் முதலில் விரிகிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்: மூடிக்கான பிளாஸ்டிக் சொற்பம், அச்சுக்குத்தான் செலவு. மாடல் நின்றால் மூடியும் நின்றுவிடும்.

ஆகவே வாங்கும்போதே வட்ட வாயா, வளையம் கழற்றி மாற்றலாமா, மூடி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூடி போன வட்ட டப்பாவா? வாயின் விட்டத்தை அளந்துகொண்டு திருவள்ளூர் பாத்திரக் கடைக்குப் போங்கள். பருப்பு, மிளகாய் வைக்க எவர்சில்வர் தட்டு மூடி போதும், அது உடையாது. சதுர டப்பாவுக்கு இழுத்து மாட்டும் சிலிக்கான் மூடி இருக்கிறது.

உங்கள் வீட்டு ஜாடிக்கு எத்தனை வயது? எழுதுங்கள்.