பிடியும் எடையும்: மனித வலிமையை அளந்த கதை

ஒருவருடைய உடல் வலிமை எவ்வளவு என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? அவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். ஆனால் நம் ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அதே எடையுள்ள நெல் மூட்டையைத் தூக்கக்கூடியவரும், உருண்டு வழவழப்பாக இருக்கும் கல்லின் முன் திணறிப் போவார். எடை ஒன்றுதான், பிடிதான் வேறு.

எளிதாகத் தோன்றும் இந்த உண்மை, வலிமையை அளக்கப் புறப்பட்ட அறிவியலாருக்குப் பிடிபட நெடுங்காலம் ஆயிற்று. இடையில் ஒரு பெருந்தவறும் நிகழ்ந்தது. அந்த வரலாற்றைக் காண்போம்.

ரெக்னியேயின் கருவி

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பூஃபோன், மனித வலிமையை அளக்க ஒரு கருவி வேண்டும் என்று விரும்பினார். எட்மே ரெக்னியே என்ற கருவி வல்லுநர் அதை உருவாக்கி, 1798இல் அதன் விவரங்களை வெளியிட்டார். நீள்வட்டமாக வளைந்த எஃகு வில்தான் அதன் உயிர். வில்லைக் கைகளால் பற்றி அழுத்தினால் முள் நகர்ந்து அளவைக் காட்டும். கருவியைக் காலடியில் பொருத்தி மேல்நோக்கி இழுத்தால் இடுப்பின் வலிமையும் தெரியும். ‘டைனமோமீட்டர்’, அதாவது விசைமானி, என்பது அதன் பெயர்.

1800இல் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் இக்கருவியும் சென்றது. உடன் சென்ற பிரான்சுவா பெரோன் என்ற இளம் ஆய்வாளர், டாஸ்மேனியா, ஆஸ்திரேலியா, தீமோர் மக்களின் கைகளில் அதைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் அவ்வாறே சோதித்தார். ஐரோப்பியரின் எண்கள் உயர்ந்திருந்தன. ‘நாகரிகமற்ற’ மக்கள் உடல் வலிமையிலும் தாழ்ந்தவர்களே என்ற முடிவை 1807இல் அச்சேற்றினார்.

இம்முடிவு சரியா? சற்றே சிந்தியுங்கள். சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர், முன்பின் கண்டிராத இரும்புப் பொருளை நீட்டுகிறார். முழு பலத்துடன் அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியதா? விளங்கினாலும், அவ்வாறு அழுத்த வேண்டிய தேவை அவர்களுக்கு என்ன? கருவியின் அகலம் அவர்கள் கைக்குப் பொருந்தியதா? முள் காட்டியது, அந்த நொடியில் அந்தக் கை அந்த வில்லின்மேல் செலுத்திய விசையை மட்டுமே. பெரோன் அதை ஓர் இனத்தின் வலிமை என்று படித்தார். எண் பொய் சொல்லவில்லை. எண்ணுக்குத் தரப்பட்ட பொருள்தான் பொய்.

கைப்பிடி செய்த மாயம்

கைப்பிடியின் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதை மேடையில் காட்டியவர் இங்கிலாந்தின் தாமஸ் இஞ்ச். 1881இல் பிறந்த இந்தப் பயில்வானிடம் சுமார் 78 கிலோ எடையுள்ள ஒரு டம்பெல் இருந்தது. அதை ஒரு கையால் தூக்குவோருக்குப் பரிசு என்று அவர் அறைகூவினார். அதைவிடப் பன்மடங்கு எடையைத் தூக்கும் பலசாலிகளும் தோற்றுத் திரும்பினர்.

காரணம் என்ன? அதன் கைப்பிடி ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் பருமன் கொண்டது. இன்றைய போட்டிக் கம்பியைப்போல அது இரு மடங்கு. மெல்லிய கம்பியில் விரல்கள் சுற்றி வந்து பெருவிரலுடன் பூட்டிக்கொள்ளும். பருத்த பிடியில் பூட்டு விழாது. மேலும் அந்த டம்பெல் ஒரே வார்ப்பாக இருந்ததால், தூக்கும்போது கைக்குள் உருண்டு விரல்களைத் திறந்துவிடும்.

விரல்களை மடக்கும் பெருந்தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. விரல்கள் அதிகமாக விரிந்தாலும் அதிகமாக மடங்கினாலும் அத்தசைகள் முழு விசை தர இயலாது. 1954இல் பெக்டால் என்ற அமெரிக்க மருத்துவர், பிடியின் அகலத்தை மாற்றக்கூடிய விசைமானியைப் பற்றி எழுதினார். அகலம் மாறினால் அதே கையின் அளவும் மாறும் என்பது தெளிவாயிற்று.

நோயாளிக்கு உதவிய எண்

இதற்குள் வலிமையை அளக்கும் கலை வேறொரு வழியிலும் வளர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்கள் சிகாகோ நகரின் கார்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கிருந்த மருத்துவர் தாமஸ் டிலார்ம், மெலிந்துபோன தொடைத் தசைகளுக்கு எடைப் பயிற்சி தந்தார். ஒரு நோயாளி சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, அதையே பயிற்சிக்கு அடிப்படையாக வைத்தார்; வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். 1945இல் இம்முறையை வெளியிட்டார். பெரோன் ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிட்டார். டிலார்மோ ஒரு நோயாளியின் இன்றைய நிலையை அவருடைய நேற்றைய நிலையுடன் ஒப்பிட்டார்.

பின்னர் 1972இல் அகில உலக வலுதூக்கும் கூட்டமைப்பு தோன்றியது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்றிலும் ஒரே ஒரு முறை தூக்கும் உச்ச எடைதான் இங்கே கணக்கு. ஆனால் உச்ச எடையை அடிக்கடி சோதிப்பது உடலைச் சோர்வாக்கும். பழகாதவருக்கு ஆபத்தும் உண்டு. எனவே குறைந்த எடையைப் பல முறை தூக்கி, உச்சத்தைக் கணக்கிடும் வாய்பாடுகள் பிறந்தன.

அமெரிக்கப் பயிற்சியாளர் பாய்ட் எப்லியின் வாய்பாடு இது: தூக்கிய முறைகளை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குக. மாட் பிரிசிக்கி 1993இல் தந்தது: எடையை 36ஆல் பெருக்கி, 37இலிருந்து முறைகளைக் கழித்து வரும் எண்ணால் வகுக்கவும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். 100 கிலோவைப் பத்து முறை தூக்கினால் இரண்டும் 133.3 கிலோ என்றே சொல்கின்றன. ஐந்து முறை என்றால் எப்லி 116.7, பிரிசிக்கி 112.5. இருபது முறை என்றாலோ எப்லி 166.7, பிரிசிக்கி 211.8! ஒரே ஆளுக்கு 45 கிலோ வேறுபாடு. முறைகள் கூடக் கூட, வலிமையைவிடத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறனையே நாம் அளக்கிறோம். பத்துக்கு உட்பட்ட முறைகளுக்கே இவற்றை நம்பலாம்.

பிடி தளர்ந்தால்

டெட்லிஃப்டில் இன்னொரு சிக்கல் உண்டு. தரையிலிருந்து கம்பியைத் தூக்குபவர் ஆறாவது முறையில் நிறுத்துகிறார் என்று கொள்வோம். முதுகும் கால்களும் சோர்ந்தனவா, அல்லது விரல்கள் திறந்துகொண்டனவா? விரல்கள் என்றால், வாய்பாடு தருவது உடலின் உச்சமன்று, கையின் உச்சம். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில்தானே!

இதற்கு வீரர்கள் கண்ட வழிகள் பல. ஓர் உள்ளங்கையை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வைத்தால், கம்பி ஒரு கையில் உருள்வதை மறு கை தடுக்கும். பெருவிரலைக் கம்பியோடு சேர்த்து மற்ற விரல்களால் பூட்டுவது இன்னொரு முறை. மக்னீசியம் கார்பனேட்டுத் தூள் வியர்வையை உறிஞ்சும். கையைக் கம்பியோடு பிணைக்கும் பட்டைகளுக்குப் போட்டியில் இடமில்லை. பயிற்சியில், கடைசித் தூக்கலின் முடிவில் கம்பியைச் சில நொடிகள் விடாமல் பிடித்திருப்பதும், இரு கைகளிலும் சுமையுடன் நடப்பதும் பிடியை வளர்க்கும். தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே வலுப்பெறும். எனவே டிலார்ம் காட்டிய வழியில் சிறிது சிறிதாகவே சுமையைக் கூட்ட வேண்டும்.

இன்று விசைமானி மருத்துவரின் மேசைக்கு வந்துவிட்டது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருப்பதை அது காட்டியது. பிடி தளர்வதால் ஆயுள் குறைகிறது என்று இதற்குப் பொருளில்லை. உடல் நலிவதைக் கை முன்கூட்டியே காட்டக்கூடும் என்பதே பொருள்.

கருவி அன்று போலவே இன்றும் ஓர் எண்ணைத்தான் தருகிறது. உங்கள் பிடியையோ உச்ச எடையையோ யாரேனும் அளந்து ஓர் எண்ணைச் சொன்னால், எதை அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். டாஸ்மேனியாக் கரையில் பெரோன் தம்மையே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.